தலத் மஹ்மூத்: நடுக்கத்தில் பிறந்த இனிமை

இந்தித் திரையுலகின் பின்னணிப் பாடகர்களுள் தலத் மஹ்மூதைத் (1924–1998) தனித்து அடையாளம் காட்டுவது, அவரது பட்டுப் போன்ற குரலில் இழையோடும் மெல்லிய நடுக்கமாகும். லக்னோவில் பிறந்து, கல்கத்தாவில் தபன் குமார் என்னும் பெயரில் வங்காளப் பாடல்கள் பாடிப் பின்னர் பம்பாய்க்கு வந்த அவருடைய குரலில், குறையெனச் சிலர் கருதிய அந்த நடுக்கத்தையே அழகாகக் கண்ட இசையமைப்பாளர் அனில் பிஸ்வாஸ், 'ஆர்ஸூ' (1950) படத்தில் நடிகர் திலீப் குமாருக்காக அவரைப் பாடவைத்தார். ஒவ்வோர் ஈரடியும் தன்னளவில் பொருள் முடிந்து, இயைபால் பிணைந்து நிற்கும் உருதுக் கவிதை வடிவமான கஜலில் அவர் தோய்ந்திருந்தமையால், சொல்லை அழுத்தாமலே அதன் வலியை உணர்த்தும் பக்குவம் அவருக்குக் கைவந்தது.

இயக்குநர் பிமல் ராயின் 'சுஜாதா' (1959) படத்தில், எஸ்.டி. பர்மன் இசையில், நாயகன் சுனில் தத் தலத்தின் குரலில் தொலைபேசியில் பாட, மறுமுனையில் நாயகி நூதன் ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி பேச்சின்றிக் கண் கலங்குகிறார். ஒருத்தியின் செவிக்கு மட்டுமே உரிய பாடல் என்பதை உணர்ந்து தலத் குரலைத் தாழ்த்தியே பாடுகிறார். இத்தகைய அந்தரங்கம் இந்தித் திரையிசையில் அரிது. அடிகளின் முடிவில் அக்குரல் சற்றே நடுங்கித் தணியும்போது, காதலும் துயரமும் பிரித்தறிய இயலாதபடி ஒன்றாகவே ஒலிக்கின்றன.