யாருக்கு இந்தச் சிகிச்சை?

ஜெனீவா ஏரியின் பிரான்ஸ் கரையில் இருக்கிறது எவியான். பாட்டில் தண்ணீருக்குப் பேர்போன ஊர். சிறுநீரக மருத்துவர்களின் முதல் சர்வதேச மாநாடு 1960 செப்டம்பரில் அங்கேயும் ஜெனீவாவிலுமாக நடந்தது. சிறுநீரகக்காரர்கள் கூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது! தலைமை வகித்தவர் பாரிஸைச் சேர்ந்த ழான் ஆம்பர்ஜே. 1952 கிறிஸ்துமஸ் சமயத்தில், தாயின் சிறுநீரகத்தை மகனுக்குப் பொருத்திய குழுவின் தலைவர். அந்தச் சிறுநீரகம் மூன்று வாரம்தான் உழைத்தது, மகன் பிழைக்கவில்லை.

அந்த மாநாட்டுக்கு அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து வந்திருந்தார் பெல்டிங் ஸ்க்ரிப்னர். அவர் கொண்டுவந்த விஷயம் அரங்கப் பேச்சாக அல்ல, நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே, ஆர்வமுள்ள மருத்துவர்களைக் கூட்டிவைத்துச் செய்துகாட்டுவதாக அமைந்தது. காட்டியது ஒரு மெல்லிய டெஃப்லான் குழாய். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள்.

குழாயில் என்ன அதிசயம்? சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இயந்திரம் அப்போதே இருந்தது. இரண்டாம் உலகப்போரின் நடுவில், ஜெர்மனியின் பிடியிலிருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரில், இளம் மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943இல் அதைச் செய்துவிட்டார். இறைச்சி அடைக்கும் செலோஃபேன் உறையை ஓர் உருளையில் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டு, உப்புநீர்த் தொட்டியில் சுழற்றினார். 1945இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் அதனால் பிழைத்தார். ஆனால் ஒவ்வொரு முறை இயந்திரத்தோடு இணைக்கும்போதும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் வெட்டித் திறக்க வேண்டும். முடிந்ததும் இரண்டையும் கட்டிவிட வேண்டும். அவை மறுபடி உதவா. மனித உடம்பில் அப்படி வெட்டுவதற்கேற்ற ரத்தக்குழாய்கள் எத்தனை இருக்கும்? சில தடவைகளில் தீர்ந்துவிடும். ஆகவே சில வாரத்தில் தானே தேறிவிடக்கூடிய திடீர்ப் பழுதுக்கு மட்டுமே டயாலிசிஸ். நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஸ்க்ரிப்னரிடம் அப்படி ஒருவர் வந்தார். தற்காலிகப் பழுது என்று நினைத்து டயாலிசிஸ் கொடுத்தார்கள். எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறினார். பிறகுதான் அந்தச் சிறுநீரகங்கள் மீளவே மீளா என்று தெரிந்தது. சாவதற்காக வீட்டுக்கு அனுப்பினார்கள். அது மனதை அறுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் நடு இரவில் விழிப்புத் தட்டி அவருக்கு யோசனை வந்தது: குழாய்களை வெளியே எடுக்காமல் கையிலேயே விட்டுவிட்டால்? தமனியில் ஒன்று, சிரையில் ஒன்று. டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் இரண்டையும் வெளியே ஒரு வளைவுக் குழாயால் இணைத்துவிட்டால், ரத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் ரத்தம் உறைவது அரிது. டெஃப்லானில் எதுவும் எளிதில் ஒட்டாது என்று சக மருத்துவர் ஒருவர் சொன்னார். மருத்துவமனைப் பொறியாளர் வேய்ன் குவின்டன் குழாயை வளைத்துக் கொடுத்தார். 1960 மார்ச் 9 அன்று போயிங் தொழிற்சாலையில் இயந்திரப் பணியாளராக இருந்த கிளைட் ஷீல்ட்ஸின் கையில் அதைப் பொருத்தினார்கள். அடுத்த மாதமே சிகாகோவில் நடந்த செயற்கை உறுப்பு மருத்துவர்களின் கூட்டத்துக்கு அவரையே அழைத்துப் போனார் ஸ்க்ரிப்னர். செத்திருக்க வேண்டிய மனிதர் எதிரே நிற்கும்போது மறுப்பதற்கு என்ன இருக்கிறது? ஷீல்ட்ஸ் 1971 வரை வாழ்ந்தார்.

இன்று அந்தக் குழாய் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. 1966இல் நியூயார்க்கின் பிரெஷியாவும் சிமினோவும், தோலுக்கு அடியிலேயே தமனியைச் சிரையோடு தைத்துவிடும் முறையை வெளியிட்டார்கள். அதுதான் ஃபிஸ்டுலா. டயாலிசிஸ் செய்துகொள்பவர் மணிக்கட்டின் மேல் விரல் வைத்தால் 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு தெரியுமே, அது இதுதான்.

எவியானில் தொழில்நுட்பம் கைமாறியது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு அங்கே நிகழ்ச்சி நிரலும் இல்லை, பக்க அறையும் இல்லை. அந்தக் கேள்வி சியாட்டிலில்தான் முதலில் கதவைத் தட்டியது. 1962 ஜனவரியில் அங்கே திறந்த டயாலிசிஸ் மையத்தில் இருந்த படுக்கைகள் சில, காத்திருந்தவர்கள் பலர். எனவே பெயர் வெளியிடப்படாத ஏழு பேர் குழு ஒன்றை அமைத்தார்கள். பாதிரியார், வழக்கறிஞர், இல்லத்தரசி, வங்கியாளர், தொழிற்சங்கத் தலைவர், அரசு அதிகாரி, அறுவை மருத்துவர். இவர்கள் வயது, குழந்தைகள், வருமானம், தேவாலயத்துக்குப் போகிறவரா என்பதையெல்லாம் பார்த்து 'இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை' என்று சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் 'லைஃப்' இதழில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியதும் நாடே அதிர்ந்தது. அமெரிக்க அரசு கிட்டத்தட்ட எல்லோருக்கும் டயாலிசிஸ் செலவின் பெரும்பகுதியை ஏற்கும் சட்டம் வந்தது பத்தாண்டு கழித்து, 1972இல்.

சிறுநீரக மாநாடுகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குப் படுவது இதுதான்: கருவியும் மருந்தும் உடனே மேடையேறிவிடுகின்றன, அவை யாருக்கு, யார் செலவில் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் ஏறுகிறது. இதற்குச் சென்னையைவிடக் கசப்பான சாட்சி தேவையில்லை.

1980களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தது. பொருத்திய உறுப்பை உடம்பு நிராகரிப்பதை அது வெகுவாகக் கட்டுப்படுத்தியதால், ரத்த உறவு இல்லாதவரின் சிறுநீரகமும் உதவும் என்றாயிற்று. மருத்துவத்துக்கு அது பெரிய வெற்றி. சந்தைக்கு அது கதவு. தரகர்கள் குடிசைப் பகுதிகளில் நுழைந்தார்கள். வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பேர் வந்தது. 1994இல் உறுப்பு விற்பனையைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் வந்த பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்த ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. விற்றவர்களில் 96 சதவீதம் பேர் கடன் அடைக்கவே விற்றார்கள். கைக்கு வந்த சராசரித் தொகை 1,070 டாலர். ஆய்வு நடந்தபோதும் நான்கில் மூன்று பங்குப் பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடல்நலம் கெட்டுவிட்டது என்றார்கள். 'விற்றால் ஏழைக்கும் லாபம்தானே' என்று அப்போது வாதாடிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தக் கணக்கே போதுமான பதில்.

சர்வதேச சிறுநீரகவியல் சங்கமும் உறுப்பு மாற்றுச் சங்கமும் 2008 ஏப்ரல் 30 முதல் மே 2 வரை இஸ்தான்புல்லில் கூட்டிய உச்சிமாநாட்டில்தான் இது மேடையேறியது. 78 நாடுகளிலிருந்து 150க்கும் மேற்பட்டோர். அங்கே உருவான பிரகடனம் உறுப்பு வணிகத்தையும், உறுப்பு வாங்கவே விமானம் ஏறும் பயணங்களையும் கண்டித்தது. ஒவ்வொரு நாடும் தன் தேவையைத் தானே, இறந்தோர் தானத்தைப் பெருக்கி, நிறைவேற்ற முயல வேண்டும் என்றது. பிரகடனத்துக்குச் சட்ட பலம் கிடையாது. ஆனால் மருத்துவ இதழ்களும் சங்கங்களும் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டன. அதே 2008இல் தமிழக அரசு மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானத்துக்கு அரசாணைகள் வெளியிட்டது. செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த பள்ளி மாணவனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்ததும், இதயம் சென்னைப் போக்குவரத்தை விலக்கிக்கொண்டு விரைந்ததும் நமக்கு நினைவிருக்கும். இறந்தோர் தானத்தில் தமிழ்நாடு முன்னணிக்கு வந்தது அதன் பிறகுதான். வணிகம் செத்துவிடவில்லை: 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கிட்னி விற்ற செய்தி வந்தபோது, அங்கும் காரணம் கடன்தான்.

இனி 2019 ஏப்ரல், மெல்போர்ன், உலக சிறுநீரகவியல் மாநாடு. இப்போதெல்லாம் பெரிய மாநாடுகளில் ஒரு சடங்கு உண்டு: பேச்சாளர் முடிவை மேடையில் சொல்லும் வேளையில் கட்டுரை இதழின் இணையப் பக்கத்தில் ஏறிவிடும். மருந்து நிறுவனங்களின் அரங்குகளில் பரபரப்பு தொற்றும். கொஞ்சம் சினிமா வெளியீடு போலத்தான். ஆனால் அன்று வந்த முடிவு பரபரப்புக்குத் தகுதியானது. கனாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை, சிறுநீரில் புரதம் கசியும் 4,401 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்திருந்தார்கள். சிறுநீரகம் செயலிழப்பது, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு இரட்டிப்பது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ இறப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 30 சதவீதம் குறைவு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தியிருந்தார்கள். மருந்தைச் செய்யும் நிறுவனமே செலவு செய்த சோதனை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பின்னர் வேறு நிறுவனங்களின் டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் சோதனைகளும் அதே திசையில், சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளிடமும்கூடப் பலனைக் காட்டின.

இந்த மாத்திரை வேலை செய்யும் விதம் அழகானது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் போகும் சர்க்கரையை நுண்குழாய்கள் சோடியத்தோடு சேர்த்து மீட்டுவிடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் மீட்பும் கூடுகிறது. குழாயில் அதற்கு அப்பால் உள்ள உணரிக்குச் சோடியம் குறைவாகவே போய்ச் சேர்கிறது. 'அழுத்தம் போதவில்லை' என்று அது தப்பாக எடுத்துக்கொண்டு, வடிகட்டிக்குள் வரும் ரத்தக்குழாயை விரிக்கச் சொல்கிறது. வடிகட்டியில் அழுத்தம் ஏறி, ஆண்டுக்கணக்கில் அது தழும்பாகிறது. மாத்திரை அந்த மீட்பைத் தடுக்கிறது. சர்க்கரை சிறுநீரில் போகிறது, சோடியம் உணரியை எட்டுகிறது, அழுத்தம் இறங்குகிறது. இந்த வகை மருந்துகளின் மூதாதை ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835இல் பிரித்த ஃப்ளோரிசின்.

இந்த முறை 'யாருக்கு' என்ற கேள்விக்கு இந்தியாவில் சந்தையே பாதி பதில் சொல்லிவிட்டது. டாபாக்லிஃப்ளோசின் காப்புரிமை 2020லும் எம்பாக்லிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்து, விலை மளமளவென்று இறங்கியது. உலக மாநாடு 2025 பிப்ரவரியில் டெல்லிக்கே வந்தது. அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலனுக்கென்றே முதன்முறையாக ஒரு தீர்மானம் போட்டது. மீதிப் பாதி, யாருக்கு மாத்திரை தேவை என்று கண்டுபிடிப்பது. புரதம் கசியத் தொடங்கும்போது வலியோ வீக்கமோ இருக்காது. சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்த்தால்தான் தெரியும். அது 30க்கு மேல் மூன்று மாதம் நீடித்தால் சிறுநீரக நோய். ரத்தத்தில் சர்க்கரையைத் தவறாமல் பார்க்கிற நம்மவர்களில் பலர் இந்தச் சோதனையைக் கேள்விப்பட்டதே இல்லை.

கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்பதும் இல்லை. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி தொடங்கிய திட்டம் ஒன்று, நகரை ஒட்டிய கிராமங்களில் சுமார் 25,000 பேரிடம் இதைச் செய்துகாட்டியது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஓர் அமிலத்தைச் சேர்த்துச் சிறுநீர் கலங்குகிறதா என்று புரதத்துக்கும், பெனடிக்ட் கரைசலால் சர்க்கரைக்கும் சோதித்தார்கள். மருந்துகளும் ரிசர்பின், ஹைட்ரலசின், மெட்ஃபார்மின் போன்ற மிக மலிவானவை. சர்வதேச சிறுநீரகவியல் சங்கத்தின் இதழான 'கிட்னி இன்டர்நேஷனல்' துணைமலரில் 2003இல் இது வெளியானது. மெல்போர்ன் மேடைக்கு 16 ஆண்டுகள் முன்பு.