நுரை பொங்கினால் மட்டும் போதாது: சவர சோப்பில் வழுவழுப்பைத் தருவது தண்ணீரே

திருவனந்தபுரம்: சோப்பும் பிரஷும் கொண்டு முகச்சவரம் செய்பவர்கள் பலரும் கூறும் குறை ஒன்று உண்டு. நுரை கிண்ணம் நிறையப் பொங்குகிறது. ஆனால் பிளேடு முகத்தில் வழுக்கிச் செல்லாமல் இழுக்கிறது, எரிச்சல் உண்டாகிறது. இதற்குச் சோப்பின் தரமே காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் உண்மையான காரணம், நுரையில் சேரும் தண்ணீரின் அளவும் தன்மையுமே ஆகும்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியை அடுத்துள்ள வலியசாலை, பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்து வரும் பகுதியாகும். இங்குக் குழாய்த் தண்ணீரில் எளிதாக நுரைக்கும் சோப்பு, சென்னையில் உள்ள உறவினர் வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரில் சரியாக நுரைக்காமல் போகலாம். சோப்பு ஒன்றே, மாறியது தண்ணீர் மட்டுமே.

வழுவழுப்பு எங்கிருந்து வருகிறது?

சவரத்தின்போது தோலுக்கும் பிளேடுக்கும் இடையே இருப்பது, சோப்பு கரைந்த நீரால் ஆன மெல்லிய படலம். பிளேடு வழுக்கிச் செல்வது இந்தப் படலத்தின் மீதுதான். நுரையில் உள்ள காற்றுக் குமிழிகளின் முக்கிய வேலை, அந்த நீர் முகத்திலிருந்து வடிந்துவிடாமல் பிடித்து வைப்பதே. காற்று மிகுந்து தண்ணீர் குறைந்தால், நுரை பார்வைக்குப் பெரிதாகத் தோன்றினாலும் விரைவில் உலர்ந்து தோலில் ஒட்டிக்கொள்ளும்.

நுரையின் அளவு வேறு, அதன் வழுவழுப்பு வேறு என்பதற்குத் தேங்காய் எண்ணெய் சோப்பு நல்ல உதாரணம். அன்றைய சென்னை மாகாண அரசு 1914-ம் ஆண்டு கோழிக்கோட்டில் சோப்பு நிறுவனத்தைத் தொடங்கிய காலம் முதலே, தேங்காய் எண்ணெய்க்கும் கேரளச் சோப்புத் தயாரிப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இந்த எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம், உப்பு கலந்த நீரிலும் நுரைக்கும் திறனைச் சோப்புக்கு அளிக்கிறது. ஆனால் அதன் குமிழிகள் பெரியவை, விரைவில் உடைந்துவிடும். குளியல் சோப்பைக் கொண்டு சவரம் செய்யும்போது நுரை பாதியிலேயே மறைந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம் சேர்க்கப்படுகிறது. இது சிறிய, நெருக்கமான, எளிதில் கலையாத குமிழிகளைத் தருகிறது. குளியல் சோப்புகள் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு செய்யப்படுகின்றன. சவர சோப்புகள் பலவற்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்வதால், அவை மென்மையாக இருந்து நீரில் எளிதாகக் கரைகின்றன. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்க உதவுகிறது.

ஊருக்கு ஊர் மாறும் தண்ணீர்

திருவனந்தபுரம் நகருக்குக் கரமனை ஆற்றின் அருவிக்கரை அணையிலிருந்து குடிநீர் வருகிறது. 1933-ம் ஆண்டு தொடங்கப்பட்ட வில்லிங்டன் குடிநீர்த் திட்டத்தின் வழியாக இந்த ஏற்பாடு நகருக்குக் கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீர் கடினமான பாறைகள் மீது ஓடி வருவதால், அதில் கரையும் சுண்ணாம்புச் சத்து குறைவு. இத்தகைய நீரே மென்னீர் எனப்படுகிறது.

நிலத்தடி நீரில் நிலைமை வேறு. தமிழகத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்துள்ளன. இவை சோப்புடன் சேர்ந்து, நீரில் கரையாத வெண்ணிறக் கசடாக மாறுகின்றன. வாளியின் ஓரத்தில் படியும் வெள்ளைப் படிவில் இக்கசடும் உண்டு. இவ்வாறு வீணாகும் சோப்பு வழுவழுப்புக்கு உதவுவதில்லை. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், மாற்று நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. குடிக்க ஏற்கத்தக்க நீர்கூடச் சோப்புக்கு ஏற்றதாக இல்லாமல் போவது இதனால்தான்.

இதற்கான தீர்வு எளிது. சவரத்துக்கான நுரையை உருவாக்க ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் தேவைப்படாது. மழைநீரையோ, வீட்டிலுள்ள ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவியின் நீரையோ அதற்குப் பயன்படுத்தலாம். கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிந்த நீரும் ஓரளவு பயன் தரும்; ஆனால் கொதிக்க வைப்பதால் எல்லா வகைக் கடினத்தன்மையும் நீங்குவதில்லை. வேறு வழியில்லாதபோது, சோப்பைச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

செய்யும் முறை

முதலில் முகத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, தாடியை இரண்டு மூன்று நிமிடங்கள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். நீரை உறிஞ்சிய முடி மென்மையாகி எளிதில் வெட்டுப்படும். சோப்பு பரவலாவதற்கு முன், முடிதிருத்துநர்கள் தண்ணீரை மட்டுமே விரல்களால் தேய்த்துத் தேய்த்துத் தாடியைப் பதப்படுத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே நேரத்தில் பிரஷையும் நீரில் நனைத்து வைக்கலாம். பன்றி முடியால் ஆன பிரஷ் சில நிமிடங்கள் ஊறினால்தான் மென்மையாகும்; செயற்கை இழை பிரஷுக்கு அது தேவையில்லை. பின்னர் பிரஷிலுள்ள நீரை நன்கு உதறிவிட்டு, சோப்பின் மீது அரை நிமிடம் வட்டமாகச் சுழற்ற வேண்டும். பசை போன்ற கெட்டியான சோப்பு பிரஷில் ஏறுவதே இந்தக் கட்டத்தின் நோக்கம். நுரை வருவதற்கு அவசரப்படத் தேவையில்லை.

அடுத்து, கிண்ணத்திலோ முகத்திலோ பிரஷைச் சுழற்றியபடி சில சொட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். அது முழுமையாகக் கலந்த பிறகே அடுத்த சில சொட்டுகள். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தால், குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, நுரை கடைந்த தயிர்போல் பளபளக்கும். பலரும் இதற்கு முன்பே, நுரை பொங்கியவுடன் நிறுத்திவிடுகின்றனர்.

சிறிதளவு நுரையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பார்க்கலாம். விரல்கள் ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. நுரை ஒழுகினால் தண்ணீர் கூடிவிட்டது. விரல்கள் தடையின்றி வழுக்கினால் அதுவே சரியான பதம்.

சிறு கீறலும் கவனத்துக்குரியது

வறண்ட நுரையால் ஏற்படும் கீறல்களை அற்பமாகக் கருத முடியாது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகலாம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் வரை தொற்றும் திறனுடன் இருக்கக்கூடியது. எனவே பிளேடு, ரேஸர் ஆகியவற்றை வீட்டில் உள்ளவர்களுடனும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. முடிதிருத்தகத்தில் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு பயன்படுத்தப்படுவதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிரஷும் ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருப்பது நல்லது. முதல் உலகப் போர்க் காலத்தில், முறையாகத் தூய்மைப்படுத்தப்படாத குதிரை முடி பிரஷ்கள் மூலம் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆந்த்ராக்ஸ் நோய் பரவியது. விலங்கு முடியைக் கிருமிநீக்கம் செய்த பிறகே பிரஷ் தயாரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு அந்த அனுபவம் வழிவகுத்தது.

சவரம் முடிந்ததும் பிரஷில் சோப்பு தங்காதவாறு அலசி, நீரை உதறி, காற்றுப் படும் இடத்தில் உலர்த்த வேண்டும். சோப்புக் கிண்ணத்தில் தேங்கிய நீரையும் வடித்துவிட்டால், சோப்பு கொழகொழவென்று கரைந்து வீணாகாமல் நெடுநாள் உழைக்கும்.