சம்பள உயர்வு வேண்டாம் ஸார்!

என் மச்சினன் தினமும் ஏழெட்டு விமானங்களில் ஏறுகிறான். ஆனால் இதுவரை ஒரு தடவைகூடப் பறந்ததில்லை!

விடுகதை இல்லை ஸார். அவன் மீனம்பாக்கத்தில் லோடர். நீங்களும் நானும் மேலே ஜன்னலோர சீட்டுக்காக அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவன் அதே விமானத்தின் வயிற்றுக்குள் முட்டி போட்டுக்கொண்டு நம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பான். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. கத்திரி வெயிலில் உள்ளே எப்படியிருக்கும் என்று ஒரு தடவை கேட்டேன். "இட்லிப் பானைக்குள்ள எப்படி இருக்கும்னு இட்லியைத்தான் கேக்கணும் மாமா" என்றான்.

அவனுக்குச் சம்பளம் கொடுப்பது விமானக் கம்பெனி இல்லை. அவர்களுக்குப் பெட்டி தூக்கித் தர ஒப்பந்தம் எடுத்த ஒரு கம்பெனி. 2023 செப்டம்பர் கடைசியில், ராத்திரி பத்து மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, சம்பளம் ஏத்தியிருக்காங்க. எண்ணூறு ரூபா."

"அட! ஸ்வீட் எங்கேடா?"

"ஸ்வீட் இருக்கட்டும். அதை வேண்டாம்னு எழுதிக் கொடுக்க முடியுமா? நீங்க பி.காம். தானே, பார்த்துச் சொல்லுங்க."

பி.காம். படித்த ஒரே குற்றத்துக்காக, என் மனைவி வீட்டில் சீட்டுப் பணத்திலிருந்து பத்திரப் பதிவு வரைக்கும் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் சம்பள உயர்வு வேண்டாம் என்று யோசனை கேட்டு வந்தவன் இவன்தான் முதல். மறுநாள் சாயந்திரம் திரிசூலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து ஆறேழு பேர் கிளாஸும் கையுமாக ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை சினிமாவைப் பற்றி இல்லை, கிரிக்கெட்டைப் பற்றி இல்லை. இன்ஷூரன்ஸைப் பற்றி!

விஷயம் இதுதான். மச்சினனின் மாதச் சம்பளம் 20,600 ரூபாய். எண்ணூறு ஏறினால் 21,400. இதற்கு நடுவில் ஒரு கோடு இருக்கிறது. இ.எஸ்.ஐ. கோடு.

1948-ல் சட்டம் போட்டு, 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் நேரு தொடங்கி வைத்த திட்டம் அது. தொழிலாளி கொஞ்சம், முதலாளி கொஞ்சம் கட்டினால், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். முதலாளி பங்கு 4.75 சதவிகிதமாகவும், தொழிலாளி பங்கு 1.75 சதவிகிதமாகவும் இருந்ததை, 2019 ஜூலையில் 3.25 என்றும் 0.75 என்றும் குறைத்தார்கள். யாருக்கெல்லாம் பொருந்தும்? 2017 ஜனவரியில் சம்பள வரம்பை 15,000-லிருந்து 21,000 ஆக்கினார்கள். மச்சினனுக்கு இந்தக் கடிதம் வந்தபோதும் அதே 21,000தான். இடைப்பட்ட ஆறு வருஷத்தில் வெங்காயம், வாடகை, பஸ் ஸ்டாண்டு டீ எல்லாம் ஏறிவிட்டது. கோடு மட்டும் போட்ட இடத்தில் இருந்தது.

"கோட்டைத் தாண்டினா என்னப்பா? கம்பெனிதான் குரூப் இன்ஷூரன்ஸ் கார்டு தருதே?" என்றாள், செக்-இன் கவுன்ட்டரில் நிற்கும் பெண். இருபத்திமூன்று வயசு. "அண்ணா, டிஸ்பென்சரிக்குப் போனா அரை நாள் லீவு போகுது. கார்டு இருந்தா நேரா நல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். எனக்கு அந்த எண்ணூறு ரூபா பெரிசு. ஹாஸ்டல் வாடகை உங்களுக்குத் தெரியுமா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை.

பெட்டி வண்டிகளை இழுக்கும் டிராக்டரை ஓட்டும் பெரியவர் ஒருவர், டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "பாப்பா, கார்டு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். நீ படுத்துக் கிடக்கிற மாசம் அரிசி வாங்கிப் போடுமா? எனக்கு விரல் நசுங்கினப்ப ரெண்டு மாசம் வீட்ல இருந்தேன். இ.எஸ்.ஐ.யில சம்பளத்துல நூத்துக்குத் தொண்ணூறு கொடுத்தான். அதுலதான் அடுப்பு எரிஞ்சுது."

வேலையில் அடிபட்டால் 90 சதவிகிதம். சாதாரண வியாதி என்றால், வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவிகிதம். இரண்டும் சட்டத்திலேயே உண்டு. வைத்தியச் செலவுக்கு மட்டும் எடுக்கிற குரூப் பாலிசியில் இது கிடையாது.

பெரியவர் விடவில்லை. "இன்னொண்ணும் கேட்டுக்க. இந்த காண்ட்ராக்ட் போய் வேற காண்ட்ராக்ட் வந்தாலும் என் இ.எஸ்.ஐ. நம்பர் அதே நம்பர்தான். உன் கார்டு? 2019 ஏப்ரல் 17 ராத்திரி ஜெட் ஏர்வேஸ் கடைசி பிளேன் இறங்கிச்சே, அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன். அவ்ளோ பெரிய கம்பெனியே ஒரு நாள் நின்னுபோகும். கம்பெனி நின்னுட்டா பிரீமியம் யார் கட்டுவான், உன் ஹாஸ்டல்காரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் யாரும் ஜெயிக்கவில்லை.

விமானத் துறையில் சம்பளத்துக்கும் ஜுரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 2022 ஜூலை 2-ஆம் தேதி இண்டிகோவில் ஏராளமான கேபின் ஊழியர்களுக்கு ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போய், அன்றைய விமானங்களில் பாதிக்கு மேல் தாமதம். அடுத்த சில நாளில் டெக்னீஷியன்களுக்கும் அதே ஜுரம். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் ஜுரம் வந்து விமானங்கள் ரத்தாகின. எந்த டாக்டரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் மருந்து என்ன என்று எல்லோருக்கும் தெரியும்!

லோடருக்கு அந்த வசதியும் இல்லை. அவன் ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போகும். இன்னொரு நாள் படுத்தால் அவன் இடத்தில் இன்னொருவன் நிற்பான். அதனால் அவனுக்கு ஜுரம் வருவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் வரும்.

மச்சினன் வீட்டில் வந்தது சாதாரண ஜுரம் இல்லை. அவன் அம்மாவுக்கு, அதாவது என் மாமியாருக்கு, இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். எல்லாம் இ.எஸ்.ஐ.யில்.

இங்கே ஒரு வாக்குமூலம். நான் பத்திரிகைகளுக்கு எழுதிச் சம்பாதித்ததில் பாதி, மாமியார் ஜோக்கில் சம்பாதித்தது. அன்றைக்கு அதே மாமியாருக்காக டீக்கடை பெஞ்சில், பஜ்ஜி மடித்த பேப்பரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

சம்பள உயர்வு 800. இ.எஸ்.ஐ.க்குப் பிடித்துக்கொண்டிருந்த 155 ரூபாய் இனிமேல் பிடிக்க மாட்டார்கள். ஆக மாதம் 955 ரூபாய் லாபம். (எண்ணூறும் வாடகைப் படியில் ஏறியதால் பி.எஃப். பிடித்தம் கூடவில்லை.)

இப்போது செலவு. குரூப் பாலிசியில் அவன், மனைவி, குழந்தைகள் வரை கம்பெனி பணம். அம்மாவைச் சேர்க்க வேண்டுமென்றால் பிரீமியம் அவன் கட்ட வேண்டும். வருஷத்துக்கு 24,000 என்று அந்தச் சுற்றறிக்கையில் போட்டிருந்தது. மாதம் 2,000. கிடைத்தது 955, போனது 2,000. சம்பளம் ஏறியதால் மாதம் 1,045 ரூபாய் நஷ்டம்!

இதோடு முடிந்ததா? பாலிசித் தொகை இரண்டு லட்சம். டயாலிசிஸுக்கு வெளியே ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சத்துக்கு 133 தடவை. வாரத்துக்கு மூன்று என்றால் 44 வாரம். வருஷத்துக்கு 52 வாரம். கிட்னிக்கு மீதி எட்டு வாரம் லீவு கிடையாது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்? அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். இவன் வருமானமோ இரண்டரை லட்சத்தைத் தொடுகிறது. ஏழைக்கான திட்டத்துக்கு இவன் பணக்காரன். பணக்கார ஆஸ்பத்திரிக்கு இவன் ஏழை. நிதி ஆயோக் 2021-ல் ஒரு அறிக்கையே வெளியிட்டது. இப்படி நடுவில் விடுபட்டவர்கள் நாட்டில் குறைந்தது 30 சதவிகிதம் பேர், சுமார் 40 கோடி என்று. திரிசூலம் டீக்கடையில் அன்றைக்கு அதில் ஆறேழு பேர் இருந்தார்கள்.

கடைசியாகக் கம்பெனி கணக்கையும் போட்டேன். கொடுப்பது 800. இவனுக்காகக் கட்டிக்கொண்டிருந்த 3.25 சதவிகிதம், அதாவது 670 ரூபாய், இனி கட்ட வேண்டாம். குரூப் பாலிசிக்குக் கொஞ்சம் போகும், சரி. ஆனால் எண்ணூறு ரூபாய் கொடுத்ததாகப் பேர் வாங்கிக்கொண்டு, இந்தக் கையில் கொடுத்ததில் 670-ஐ அந்தக் கையில் எடுத்துக்கொண்டார்கள்!

"அப்ப 20,999-ல நிறுத்தச் சொல்லுவோம் மாமா" என்றான் மச்சினன். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. ஏழு வருஷம் முட்டி தேய்ந்து கிடைத்த எண்ணூறு ரூபாய் ஸார். அதை வேண்டாம் என்று எழுத எந்தக் கைக்கு மனசு வரும்?

அப்போதுதான் அந்தக் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தேன். 'அக்டோபர் 1 முதல்' என்று போட்டிருந்தது. பி.காம். மூன்றாம் வருஷத்தில் தொழிலாளர் சட்டம் நடத்திய வாத்தியார் நல்லா இருக்கட்டும். எனக்குப் பொறி தட்டியது.

இ.எஸ்.ஐ.யில் சந்தா காலம் என்று ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. சந்தா காலம் தொடங்கிய பிறகு, நடுவில் சம்பளம் கோட்டைத் தாண்டினால், அந்தக் காலம் முடிகிறவரை அவன் உள்ளேதான் இருப்பான். முதல் தேதியிலேயே தாண்டினால் அன்றைக்கே வெளியே. சந்தா காலத்துக்குப் பின்னால் பயன் காலம் வரும். செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வைத்தியம். மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை வைத்தியம்.

அதாவது, அக்டோபர் 1-ல் சம்பளம் ஏறினால் மாமியாருக்கு 2024 ஜூன் 30 வரை டயாலிசிஸ். அதையே நவம்பர் 1-ல் ஏற்றினால் 2024 டிசம்பர் 31 வரை! ஒரே ஒரு மாதம் எண்ணூறு ரூபாயை விட்டுக்கொடுத்து, மார்ச் வரை பிடித்தத்தைத் தொடர்ந்தால், ஆறு மாதம் கூடுதல் வைத்தியம்.

டீக்கடை அமைதியானது. பெரியவர் மட்டும், "இதைக் கண்டுபிடிக்கத்தான் காலேஜ் இருக்கா?" என்று கேட்டார். பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அங்கேயே கடிதம் எழுதினோம். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் உயர்வை நவம்பர் 1 முதல் கொடுங்கள் என்று. நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கவுன்ட்டர் பெண் போடவில்லை. ஆனால் நான் எழுதியதில் இரண்டு பிழையைத் திருத்தி, அழகாக டைப் செய்து கொடுத்தவள் அவள்தான்.

மானேஜர் இரண்டு தரம் படித்தாராம். "சம்பளம் இப்போ வேண்டாம்னு மனு கொடுத்த முதல் கோஷ்டி நீங்கதான்யா" என்றாராம். மார்ச் வரை கம்பெனி பங்கைக் கட்ட வேண்டுமே என்று ஒரு வாரம் இழுத்தார். பெரியவர் அவர் ரூமுக்குப் போய், நசுங்கிய விரலை மேஜைமேல் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். கையெழுத்து விழுந்தது.

அந்த ஆறு மாதத்தை நாங்கள் சும்மா விடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்து, நடையாய் நடந்தோம். 2024 நவம்பரில் அங்கே டயாலிசிஸுக்கு முறை கிடைத்தது. டிசம்பர் 31 வந்தது, போனது. மாமியார் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு, கணக்குப் படித்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. சம்பளம் ஏறியதும் ஸ்வீட் வாங்குங்கள். ஆனால் எந்தத் தேதியிலிருந்து ஏறுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்பா அம்மா நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பேரில் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள வியாதிக்குக் காத்திருக்கும் காலம், 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருஷம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. வியாதி வந்த பிறகு போனால் கதவு பாதிதான் திறக்கும்.

போன வாரம் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். மெஷினில் படுத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, இப்பல்லாம் மாமியார் ஜோக்கே எழுதறதில்லையாமே?"

நான் நெளிந்தேன். "இல்லைங்க அத்தை... மனசு வரலை."

"நல்லாருக்கே! நாலு மணி நேரம் இதுல படுத்துக் கிடக்கணும். பக்கத்துப் பெட்டுக்காரி, 'உங்க மாப்பிள்ளை எழுதினது இந்த வாரம் வந்திருக்கா'ன்னு கேக்கறா. ஒழுங்கா எழுதுங்க!"

சரி என்று தலையாட்டினேன்.