வாய் திறவாத மாளிகை

இலண்டன் யூஸ்டன் நிலையத்திற் புகையிரதம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பிளெச்லியை அடையலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் மறைமொழிச் செய்திகளை அவிழ்த்த மாளிகையும் குடில்களும் நிலையத்துக்கு அண்மையிலேயே உள்ளன. இன்று அவை நூதனசாலை.

8ஆம் குடிலிற் கணித மேதை அலன் டூரிங்கின் அறையைக் கண்டோம். தேநீர்க் கோப்பை களவு போகாதிருக்கச் சங்கிலியாற் பிணைத்து வைத்தவராம் அவர்! ‘எனிக்மா’ப் பொறி எந்த எழுத்தையும் அதே எழுத்தாகத் தராது. அச்சிறு குறையே ஜெர்மானியருக்கு வினையாயிற்று. மாணவர்கள் அப்பொறியருகே சற்று நின்று இதனைச் சிந்தித்தல் நன்று.

ஆயினும் எம் நெஞ்சைத் தொட்டது பிறிதொன்று. போரின் இறுதியில் இப்பணியில் இருந்தோர் ஏறக்குறைய 9,000 பேர், முக்காற்பங்கினர் பெண்கள். 1970களின் நடுப்பகுதிவரை அவர்களுட் பலர் கணவரிடங்கூட வாய் திறந்திலர். போர்க்காலத்தில் மகள் என்ன செய்தாள் என்பதை அறியாமலே கண்மூடிய பெற்றோரும் உளர்.