தங்கவயலிலிருந்து பார்த்தால் சர்வர்

2001 ஜனவரி 15இல் விக்கிப்பீடியா தொடங்கியது. அடுத்த மாதம் 28ஆம் தேதி கோலார் தங்கவயல் சுரங்கங்களை மூடினார்கள். பம்புகள் நின்றன, ஷாப்டுகளில் தண்ணீர் ஏறியது. நூறாண்டுக்கு மேல் காத்துவந்தது, கவனிப்பு நின்றதும் எப்படிக் கைநழுவும் என்று தங்கவயல்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பொதுமக்கள் சேர்ந்து நடத்தும் தளத்தின் சர்வர் கதையை நான் அக்கறையோடு படிப்பது இதனால்தான்.

தொடக்கத்தில் விக்கிப்பீடியாவின் நிலைமை மோசம். முதல் சில ஆண்டுகள் ஓரிரு சர்வர்களில்தான் ஓட்டினார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் வந்து சேர்ந்தது. கூட்டம் கூடக்கூடப் பக்கங்கள் திறக்கத் திணறின. அந்த டிசம்பரில் சர்வர் படுத்துவிட, வாசகர்களிடம் நன்கொடை கேட்டுத்தான் புது இயந்திரங்கள் வாங்கினார்கள். பெரிய அடி 2005 பிப்ரவரியில் விழுந்தது. புளோரிடாவின் டாம்பாவில் சர்வர்களுக்கு இரண்டு மின்வழிகள் இருந்தும், இரண்டு பிரேக்கர்களும் டிரிப் ஆகிவிட்டன. மின்சாரம் திரும்பியது, தளம் திரும்பவில்லை. 'பதிந்துவிட்டேன்' என்று டிஸ்க்குகள் சொன்ன தகவல் உண்மையில் பதிவாகியிருக்கவில்லை. பல தரவுத்தளங்கள் சிதைந்துபோய், சீராக்க ஒரு நாளுக்கு மேல் ஆனது.

இன்று வர்ஜீனியாவில் ஒரு முழு மையம், டெக்சாஸில் இன்னொன்று. பழுது வரட்டும் என்று காத்திராமல், ஆண்டுக்கு இருமுறை தாங்களே வேலையை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். அப்போது கட்டுரையைத் திருத்துவது சில நிமிடம் நிற்கும், படிப்பது நிற்காது. 2018இல் சிங்கப்பூரிலும் ஒரு மையம் வந்தது. தங்கவயலில் போனில் தட்டினால், கண்டம் தாண்டிப் போகாமல் பக்கம் பெரும்பாலும் அங்கிருந்தே வந்துவிடுகிறது.

சும்மா இருக்கும் இயந்திரத்துக்கு நன்கொடைப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் சுரங்க வரலாற்றைப் பார்த்தால் போதும். 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905இல்தான் கிடைத்தது. கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலியும். சுரங்கத்துக்குத் தடையில்லாமல் மின்சாரம் வேண்டும் என்பதும் கிருஷ்ணராஜசாகர் அணை எழ ஒரு காரணம். மழைக்காலத்துத் தண்ணீரைச் சும்மா தேக்கிவைக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு காப்பும் இருக்கிறது, அது நம் கையில். விக்கிப்பீடியாவின் முழுப் பிரதியை அவ்வப்போது பொதுவில் வெளியிடுகிறார்கள், யாரும் இறக்கிக்கொள்ளலாம். தமிழ்க் கட்டுரைகளின் எழுத்து மட்டும் என்றால் ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் நெட் இல்லாமலே படிக்கலாம். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஏதாவது ஒரு பள்ளியோ படிப்பகமோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இதை ஏற்றிவைத்து, ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தால் நன்றாக இருக்கும்.