கணினிக்குள்ளே – 9: குளிர்நாட்டில் மதர்போர்டு

மாண்ட்ரியல் டவுன்டவுனில் ஜனவரி மாதத்தில் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுரீர் என்கிறது. வெளியே மைனஸ் 20 டிகிரி. ஈரமே இல்லாத அந்தக் காற்றை ஹீட்டர் 21 டிகிரிக்குச் சூடாக்கும்போது அறைக்குள் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அப்படிப்பட்ட அறையில் கம்பளத்தின் மேல் நாலு அடி நடந்தால் போதும், உடம்பில் பல்லாயிரம் வோல்ட் நிலைமின்சாரம் ஏறிவிடும். விரல்நுனியில் அந்தச் சுரீரை உணரவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சிப்களில் சில, 100 வோல்ட்டிலேயே கெட்டுப்போகக்கூடியவை. கை உணராமலே போர்டு அடிவாங்கியிருக்கும். சென்னைப் புழுக்கத்தில் கணினி பூட்டிப் பழகிவிட்டு கன்கார்டியா, மெக்கில் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பளத்தில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்துவிட்டு வயரை மட்டும் சுவரில் செருகி வையுங்கள், எர்த் கிடைக்கும். அதன் உலோக உடம்பை அடிக்கடி தொட்டுக்கொண்டு, போர்டை ஓரத்தில் பிடித்து வேலை செய்யுங்கள்.

கடையிலிருந்து பனியில் தூக்கிவந்த பெட்டியை வந்ததும் பிரிப்பதும் தவறு. அறைக்காற்றில் ஈரம் இருந்தால் குளிர்ந்த போர்டின் மேல் அது நீராய்ப் படியக்கூடும். பிரிக்காமல் சில மணி நேரம் அப்படியே வைத்துவிடுங்கள். ஆசை பொறுக்காதுதான், ஆனாலும் பொறுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் திரை கறுப்பாகவே இருந்தால் உடனே "போர்டு செத்துப்போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். டிடிஆர்5 மெமரி போட்ட கணினி முதல் தடவை ஆன் ஆகும்போது மெமரியைச் சோதித்துச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், பதறிப்போய் அணைத்துவிடாதீர்கள். பிராசஸர் பக்கத்தில் இருக்கும் 8 பின் பவர் கேபிளைச் செருக மறந்தால் ஃபேன் சுற்றும், படம் வராது. பிராசஸர் புதிது, போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) பழையது என்றாலும் இதே கதைதான். ஆகவே வாங்கும்போதே, உங்கள் பிராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் வழியாக பயாஸை மாற்ற வசதியுள்ள போர்டு என்றால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். பளபளக்கும் விளக்குகளுக்குக் கொடுப்பதைவிட அது மேல்.

எல்லாவற்றையும் கழற்றி, கூலரோடு பிராசஸர், ஒரே ஒரு மெமரி, பவர் சப்ளை மட்டும் வைத்துப் பாருங்கள். பிராசஸரில் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் வேண்டும். அப்போதும் அசையவில்லை, வேறு பவர் சப்ளையிலும் அசையவில்லை என்றால் போர்டைச் சந்தேகிக்கலாம்.

கம்பெனி வாரண்டி முடிந்துவிட்டதே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொருள் அதன் விலைக்கேற்ற நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்று மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அந்தச் சட்ட உத்தரவாதத்தைக் கேளுங்கள்.