கணித மேதையே சறுக்கிய பூவா தலையா: கூறுவெளி என்றால் என்ன?

“நாணயத்தை ரெண்டு தடவை சுண்டுவோம். ஒரு தடவையாவது தலை விழுந்தா எனக்கு 100 ரூபாய் கொடு. ரெண்டு தடவையும் பூ விழுந்தா நான் உனக்கு 200 தர்றேன்.” நண்பர் இப்படிப் பந்தயம் கட்டினால் ஒப்புக்கொள்ளலாமா?

பார்க்க நியாயமாகத்தான் தெரியும். முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் இரண்டாவதில் தலை, அல்லது மறுபடியும் பூ. ஆக மூன்றே முடிவுகள். இரண்டு நண்பருக்கு, ஒன்று உங்களுக்கு. அப்போ 100-க்கு 200 சரிதானே?

பிரான்ஸின் புகழ்பெற்ற கணித மேதை டி அலம்பெர்ட்டும் இப்படித்தான் கணக்குப் போட்டார். தலை விழும் வாய்ப்பு 3-ல் 2 என்று, 1754-ல் வெளியான பிரெஞ்சு கலைக்களஞ்சியத் தொகுதியில் எழுதினார். ஆனால் சரியான விடை 4-ல் 3.

எங்கே தப்பு?

ஒரு சோதனையில் நடக்கக்கூடிய எல்லா முடிவுகளின் தொகுப்புதான் கூறுவெளி. பத்தாம் வகுப்பில் படித்திருப்போம். இரண்டு முறை சுண்டினால் அது இப்படி இருக்கும்:

- தலை, தலை
- தலை, பூ
- பூ, தலை
- பூ, பூ

நான்குக்கும் சம வாய்ப்பு. மூன்றில் தலை இருக்கிறது. ‘முதல் முறையே தலை’ என்ற ஒரே வரிக்குள் முதல் இரண்டு முடிவுகளும் ஒளிந்திருக்கின்றன. அதன் வாய்ப்பு 2-ல் 1. மற்ற இரண்டுக்கும் தலா 4-ல் 1. மூன்று முடிவுகள் என்று பிரித்தது குற்றமில்லை. மூன்றுக்கும் ஒரே எடை கொடுத்ததுதான் சறுக்கல்.

பாக்கெட்டுக்கு என்ன ஆகும்?

சராசரியாக 4 ஆட்டத்தில் ஒன்றை ஜெயிப்பீர்கள்: 200 ரூபாய் வரவு. மூன்றில் தோற்பீர்கள்: 300 ரூபாய் செலவு. ஆட்டத்துக்கு 25 ரூபாய் நஷ்டம். 100 ஆட்டம் ஆடினால் சுமார் 2,500 ரூபாய் போயிருக்கும். நண்பர் 300 ரூபாய் தந்தால்தான் அது சமமான பந்தயம்.

“கிடைக்கும், இல்லன்னா கிடைக்காது. அப்போ 50-50 தானே?” என்று லாட்டரி வாங்குபவர் சொல்வதும் இதே தவறுதான். முடிவு இரண்டு என்பதால் வாய்ப்பு பாதிப் பாதி ஆகிவிடாது. பரிசு விழும் சீட்டு ஒன்று என்றால், விழாத சீட்டுகள் லட்சக்கணக்கில் இருக்கலாம்.

அடுத்த முறை யாராவது ‘சான்ஸ்’ பற்றிப் பேசினால், முதலில் பட்டியலைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே எடைதானா என்று கேளுங்கள். பணத்தை எடுப்பது அதற்கப்புறம்!